அம்மா முகத்துக்கு ஒரு பிரிண்டர்

வீட்டில் பிரிண்டர் வாங்கி வைப்பவர்கள் வாரத்துக்கு ஒரு படமாவது அடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். விட்டால் உள்ளே மை காய்ந்து, துவாரமெல்லாம் அடைத்து, மெஷினே செத்துப்போகுமாம். பவரிடம் இதைச் சொன்னவர் ஃப்ரேம் அண்ணன். அவருக்குச் சொன்னது அவருடைய மச்சான். மச்சானுக்குச் சொன்னது அவன் ஆபீசில் கணக்கு பார்க்கிறவர். அவர்கூடத் தன் கண்ணால் பார்த்ததில்லை. யார் வீட்டிலோ அப்படி ஆனதாகக் கேள்வி.

"ஆசை ஆசையா வாங்கியிருக்கான். பூட்டி வச்சுட்டு எங்கயோ போயிட்டு வந்து பட்டனை அமுக்குனா, உள்ள போன வெள்ளைத் தாள் வெள்ளையாவே வெளிய வருதாம். மை அத்தனையும் கல்லாப் போச்சு" என்றார் ஃப்ரேம் அண்ணன், ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகை இறுக்கியபடி. "இதெல்லாம் நாய் வளக்குற மாதிரி பவரு. தினம் சோறு வைக்கணும். உனக்கு எதுக்கு இந்த வேலை?"

பவர் என்பது அந்தக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு விழுந்த பெயர். கடையின் பின்னறையில் ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸை அறுத்துப் பொருத்துவது அவள் வேலை. வாசல்படி ஏறி வருகிறவரின் கண்ணாடியைத் தூரத்திலிருந்து பார்த்தே, மைனஸா ப்ளஸா, எவ்வளவு இருக்கும் என்று சொல்லிவிடுவாள். வீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆட்கள் குறைந்துபோனதால் பவரே நிலைத்துவிட்டது.

ஃப்ரேம் அண்ணனுக்கு முன்பக்கம், கண்ணாடியும் விளக்குமாக இருக்கும் பக்கம். கடையிலுள்ள அத்தனை ஃப்ரேமையும் மாட்டிப் பார்த்து, வீட்டுக்காரிக்குப் படம் அனுப்பி, பதில் வரும்வரை காத்திருந்து, கடைசியில் முதலில் எடுத்ததையே வாங்கிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு முடி நரைத்துவிட்டது. இப்போது அதே கோலத்தில் பவர் நிற்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பழைய கேமரா ஒன்றை யாரிடமோ வாங்கியிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் பிரிண்டர் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருவன் சிறந்தது என்றதை இன்னொருவன் குப்பை என்கிறான். ஒரு பெண், தன் மகளின் கல்யாணப் படங்கள் பச்சையாகப் போய்விட்டதைக் காட்டி அழாத குறையாகப் பேசினாள். பவர் அந்த வீடியோவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"நாப்பதைத் தாண்டி போட்டோப் பைத்தியம் புடிச்ச ஆளை இப்பதான் பாக்குறேன்" என்றார் அண்ணன். "எதிர்லதான் ஸ்டூடியோ இருக்கே. அங்க குடுத்தா அந்தம்மா அடிச்சுத் தராதா?"

"அடிச்சுத் தரும். கூடவே ஆயிரம் கேள்வியும் தரும்" என்றாள் பவர்.

அதுதான் விஷயம். அந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அவளால் பதில் சொல்ல முடியாது.

அவளுடைய தம்பி சிறையில் இருக்கிறான். விடியற்காலையில் டெலிவரி வேன் ஓட்டிக்கொண்டு வந்தவன், சைக்கிளில் போன ஒரு பெரியவரை இடித்தான். இடித்தவன் நிறுத்தவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று கோர்ட்டில் டாக்டர் சொன்னார். தம்பி தலை நிமிரவில்லை. தீர்ப்பு வந்த அன்று வீடு திரும்பும்போது, மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி, "பையனை எங்க காணோம்?" என்று கேட்டாள். அம்மா ஒரு படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, "கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைத் தூக்கி நிறுத்துவதற்குள் பவருக்கு முதுகு ஒடிந்தது. எந்தக் கப்பல், என்ன வேலை, எப்போது வருவான், ஏன் படம் போடுவதில்லை. கடலில் சிக்னல் கிடைக்காது என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே சலித்துவிட்டது. அம்மாவோ மெல்ல மெல்ல அந்தக் கப்பலிலேயே ஏறிவிட்டாள். டிவியில் புயல் எச்சரிக்கை வந்தால் முகம் வெளிறும். "கடல் கொந்தளிப்பா இருக்காம்டி" என்பாள். "அம்மா, அவன் இருக்குற எடத்துல கடலே இல்ல" என்றால், "இருந்தாலும்" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி கூப்பிடுவான். எண் தெரியாது, எடுத்ததும் முதலில் ஒரு பதிவுக் குரல் பேசும். இது சிறையிலிருந்து வரும் அழைப்பு, ஏற்க விரும்பினால் எண் ஒன்றை அழுத்தவும் என்று, ரயில் வருவதை அறிவிக்கிற மாதிரி, தெளிவாக, நிதானமாக. பவரின் ஃபோனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டுப்போய்விட்டது; ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். சுவர்களோ அட்டை மாதிரி. ஆகவே மணி அடித்ததும் குளியலறைக்கு ஓடி, கதவைச் சாத்தி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எடுப்பாள். அம்மா கதவுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். ஒரு நாளும் பேசியதில்லை. "பேசுனா அழுதுடுவேன். அழுதா அந்தப் பக்கம் கேக்கும்" என்பாள். ஆக, தம்பிக்குக் கிடைத்ததெல்லாம் அக்காவின் குரலும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

அப்படி ஒரு ஞாயிறு அவன் கேட்டான். "க்கா, இங்க எல்லார் செவுத்துலயும் ஏதாவது ஒரு படம் இருக்கு. என்னுது மொட்டைச் செவுரு. நம்ம கதவு, படிக்கட்டு, ஜன்னல்லேர்ந்து தெரியற தெரு, இதையெல்லாம் எடுத்து அனுப்பறியா? மாசா மாசம்?"

"எடுக்குறேன்டா."

"அம்மாவையும்" என்றான். "அம்மா முகம் ஞாபகம் வருது க்கா. கண்ணு மட்டும் வர மாட்டேங்குது."

அம்மாவின் இதயம் களைத்துவிட்டது என்று டாக்டர் சொல்லி அப்போது சில வாரங்கள் ஆகியிருந்தன. கால்கள் வீங்கியிருந்தன. எப்போது வேண்டுமானாலும் என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை டாக்டர் முடிக்கவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்போதே அவள் முகம் அந்தச் சுவரில் ஏற வேண்டும். பவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எதிர்ச் சாரி ஸ்டூடியோக்காரம்மாவிடம் கொடுக்கலாமா என்று அவள் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த அம்மாள், கப்பலுக்குப் படத்தைப் பேப்பரில் ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்காமல் விடமாட்டாள். நல்ல முகமாக அமைந்துவிட்டால் பெரிதாக்கி ஷோகேஸில் மாட்டுகிற பழக்கமும் உண்டு. தெருவில் பாதிப் பேர் அந்தக் கண்ணாடிக்குள்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு கடை பார்த்துப் பஸ் ஏறியும் போனாள் பவர். கவுண்டரில் இருந்தவன், "எந்த சைஸ்? எதுக்கு? விசாவுக்கா?" என்று கடைக்கே கேட்கும்படி கத்தினான். படியிறங்கி வந்துவிட்டாள். வீட்டிலேயே ஒரு மெஷின் இருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

ஆனால் எந்த மெஷின்? கோடை முழுக்க அதிலேயே போயிற்று. அவசரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே கை ஓடவில்லை. தப்பானதை வாங்கிவிட்டால்? மாசத்துக்குப் பத்துப் படம்தான் அடிக்கப் போகிறாள். நடுவில் மை காய்ந்துவிட்டால்? ஃப்ரேம் அண்ணன் சொன்ன வெள்ளைத் தாள் கனவில் வந்தது. அம்மா இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை.

கடைசியில் ஒரு நாள் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். விற்பனையாளன் டை கட்டியிருந்தான்.

"மேடம் பிகினரா, ப்ரொஃபஷனலா?"

நான் அக்கா என்று சொல்லத் தோன்றியது. "இப்பதான் ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

"அப்ப இதைப் பாருங்க. மை ஊத்துற டேங்க் மாடல். கலர் அள்ளும்."

"மாசத்துக்கு ஒரு தடவைதான் அடிப்பேன். மை காயுமா?"

அவன் டையைச் சரிசெய்தான். "அது... ரெகுலரா யூஸ் பண்ணிட்டு இருந்தா ஒண்ணும் ஆகாது மேடம்."

பவர் ஒரு அடி பின்னால் போனாள். மச்சானின் ஆபீஸ்காரர் சொன்னது உண்மைதான். அவள் முகத்தைப் பார்த்த பையன், மேசைக்கடியிலிருந்து செங்கல் அளவில் இன்னொன்றை எடுத்து வைத்தான்.

"அப்படின்னா இது. இதுல மையே கிடையாது, ரிப்பன். ஆறு மாசம் கழிச்சு அடிச்சாலும் அடிக்கும். மொதல்ல மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியா மேல ஒரு கோட்டிங் குடுத்துடும். தண்ணி பட்டாலும் துடைச்சுக்கலாம்."

கோட்டிங் என்ற சொல்லில் அவள் விழுந்தாள். அவள் தொழிலில் அதைவிட உயர்ந்த சொல் கிடையாது. கீறல் விழாமலிருக்க ஒரு கோட்டிங், கூசாமலிருக்க ஒரு கோட்டிங். கோட்டிங் இல்லாத லென்ஸை விற்றால் ஃப்ரேம் அண்ணன் முகத்தில் முழிக்கமாட்டார். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, அந்த மெல்லிய பச்சை மினுக்கத்தைப் பார்த்த பிறகுதான் எதையும் வெளியே அனுப்புவாள். ஜெயில் சுவரில் ஈரம் இருக்கும், யார் கையோ படும். கோட்டிங் இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது.

அதையே வாங்கினாள்.

அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "நான் என்ன செத்தா போயிட்டேன், படம் புடிக்க?" என்றாள்.

"அவன் கேக்குறான்மா."

"கப்பல்ல எதுக்குடி என் படம்?"

பவர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "உன் கண்ணு ஞாபகம் வரலையாம் அவனுக்கு."

அம்மா எழுந்து தலையைச் சீவிக்கொண்டாள். நாற்காலியை ஜன்னலோரம் தானே இழுத்துப் போட்டு, வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டாள். உட்கார்ந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"போட்டுக்கோம்மா. கூசும்."

"இதோட அவன் என்னைப் பாத்ததே இல்ல. நீ இதைச் செஞ்சு குடுத்ததே அவன் போனதுக்கு அப்புறம்தான்." கேமராவை நேராகப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு லென்ஸே தெரியாது, மங்கலாக ஏதோ கறுப்புத்தான் தெரியும் என்று பவருக்குத் தெரியும். அந்தக் கறுப்புக்குள் யாரோ இருப்பது போலப் பார்த்தாள். பவர் பட்டனை அழுத்தினாள். வேறெந்தப் படத்தையும் அவள் அவ்வளவு நன்றாக எடுத்ததில்லை, பிறகும் எடுக்கப்போவதில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் இருவரும் அந்தச் செங்கலுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தாள் உள்ளே போய் வெளியே வந்தது. மஞ்சளாக ஒரு நிழல்.

"காமாலைக்காரி மாதிரி இருக்கேன்" என்றாள் அம்மா.

திரும்ப உள்ளே போய் வந்தது. சிவப்பு ஏறி, கன்னம் வந்தது. மறுபடி போய் வந்தபோது நீலம் இறங்கி, முடி கறுத்து, கண்கள் வந்தன. அம்மா நாற்காலியை இன்னும் கிட்டே நகர்த்தினாள். கடைசியாக ஒரு தடவை போய், கோட்டிங்கோடு பளபளவென்று வெளியே விழுந்தது. பவர் அதைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள், லென்ஸைப் பார்ப்பது போல. ஒரு கோடு இல்லை, ஒரு குமிழ் இல்லை.

"ஏத்துக்குவானா?" என்றாள் அம்மா.

"யாரு?"

"அவன்தான். என்னை."

பவர் படத்தை அவள் கையில் கொடுத்தாள். "நல்லா வந்திருக்கும்மா" என்றாள்.

கதவு, படிக்கட்டு, தெரு, காய் நறுக்கவென்று அம்மா வைத்திருக்கும் சின்னக் கத்தி, எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு உறையில் போட்டாள். அம்மா இருந்த படம் எல்லாவற்றுக்கும் மேலே.

சிறைக்குப் போக ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். தபாலில் அனுப்பினால் எங்காவது மடிந்துவிடும் என்று பயந்து கையோடு எடுத்துப் போனாள். வாசல் பலகையில் இருந்த விதிகள் அவளுக்கு மனப்பாடம். பெரிய படம் கூடாது, ஃப்ரேம் கூடாது, ஒட்டியது கூடாது, லேமினேட் செய்தது கூடாது. லேமினேஷன் என்றால் அவளைப் பொறுத்தவரை ஜெராக்ஸ் கடையில் அடையாள அட்டையை பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சூடாக அமுக்குவது. இங்கே அப்படி எதுவும் இல்லை.

வாசலில் இருந்த காவலர் ஒரு பெண். கெட்டவள் இல்லை. படத்தைப் பார்த்ததும், "அம்மாவா? உங்க சாடைதான்" என்றுகூடச் சொன்னாள். பிறகு மூலையை வளைத்தாள். நகத்தை உள்ளே விட்டு நெம்பினாள். கிழிந்த மூலையிலிருந்து, வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய ஏடு ஒன்று தனியாக எழுந்து நின்றது.

"லேயர் இருக்கே."

"அது கோட்டிங்மா. லேமினேஷன் இல்ல."

"உரிஞ்சு வந்தா லேயர்தான். நடுவுல எதையாவது தடவி உள்ள அனுப்புறாங்க. சாதாத் தாள்ல எடுத்துட்டு வாங்க, விடுறேன்."

"இது ஒண்ணை மட்டும்..."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கம்மா."

உறை, கைப்பை, ஃபோன் எல்லாம் வாசல் பெட்டிக்குள் பூட்டப்பட்டன. வெறுங்கையோடு உள்ளே போனாள். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தான்.

"எங்க?"

"எடுத்துட்டு வந்தேன்டா. வாசல்ல விடல. லேயர் இருக்காம். என் மேலதான் தப்பு, பிரிண்டர் தப்பா வாங்கிட்டேன்."

"பிரிண்டரா?"

"வீட்டுலயே அடிச்சேன். கோட்டிங் இருந்தா நல்லதுன்னு நெனச்சு..."

சொல்லச் சொல்ல அது பொய் போலவே ஒலித்தது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"க்கா, ஃபோட்டோ அடிக்க ஊர்ல கடை இல்லையா? ஏன் இவ்ளோ கஷ்டப்பட்டுக் கதை கட்டுற? அம்மா முடியாதுன்னுட்டாங்க. அதானே?"

"இல்லடா. அவங்களேதான் நாற்காலி போட்டு உக்காந்தாங்க. கண்ணாடியக் கழட்டி..."

"அம்மா எப்ப கண்ணாடி போட்டாங்க?"

"நீ போனதுக்கு அப்புறம்."

"ஒரு தடவை ஃபோன்ல பேசியிருக்காங்களா என்கிட்ட? ஒரு தடவை? தண்ணி ஊத்துற சத்தம்தான் எனக்குக் கேக்குது." தடுப்புக் கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து மறைந்தது. "அம்மா என்னைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. நீயும் நல்லாத் துடுப்பு போடுற."

"சத்தியமாடா."

"சரி விடு. பஸ்சுக்கு நேரமாச்சு, போ."

அதற்கு அடுத்த ஞாயிறு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அங்கிருந்துதான் இங்கே கூப்பிட முடியும், இங்கிருந்து அவனைக் கூப்பிட வழியில்லை. நடந்ததையெல்லாம் விவரமாக எழுதிப் போட்டாள். எழுத்தில் யாரும் எதையும் சொல்லலாம் என்று நினைத்தானோ என்னவோ, பதில் இல்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறைக் கதவருகே போய் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள்.

"படம் பாத்தானா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"பாத்தான்மா."

"என்ன சொன்னான்?"

"கண்ணு இப்ப ஞாபகம் வந்துடுச்சாம்."

கிழிந்த மூலையோடு அந்தப் படம் அப்போது பவரின் கைப்பையில்தான் இருந்தது. அம்மா தலையாட்டினாள். துடுப்பு போடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

கடையில் ஃப்ரேம் அண்ணனிடம் கதையை மாற்றிச் சொன்னாள். வாங்கிய மெஷின் தோதுப்படவில்லை, மை மெஷினே வாங்கலாமென்று இருக்கிறேன், காய்ந்துவிடுமே என்றுதான் யோசனை என்றாள்.

"ஓ, அதுவா?" என்றார் அண்ணன், வாயில் திருகாணி இருந்ததால் பல்லைக் கடித்தபடி. "மச்சான் அன்னைக்கே சொன்னான், நான்தான் உன்கிட்ட சொல்ல விட்டுட்டேன். அந்த ஆளு வீட்டு மெஷின் ஓட்டை உடைசலாம். இப்ப வர்றதெல்லாம் மாசக்கணக்குல கிடந்தாலும் ஒண்ணும் ஆகாதாம்."

லென்ஸ் அறுக்கும் மெஷின் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கிறீச்சிட்டது. பவர் கையில் இருந்ததை ஒரு சுற்று அதிகமாக அறுத்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. யாருடையதோ ப்ளஸ் மூன்று. குப்பைக் கூடைக்குப் போயிற்று.

மை மெஷின் பெரிய அட்டைப் பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே ஒற்றை ஏட்டுத் தாள். இந்தத் தடவை தாளை வளைத்து, நெம்பி, நனைத்து, கிழித்துப் பார்த்த பிறகே வாங்கியிருந்தாள். ஞாயிறு பிரித்துக்கொள்ளலாம் என்று சுவரோரம் வைத்தாள்.

ஞாயிறு வரை அம்மா இருக்கவில்லை. பவர் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மடியில் கிடந்தது. தெருவைப் பார்த்தபடி தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

வீடு நிறைந்துவிட்டது. மாடிப்படியிலும் ஆட்கள். யாரோ டீ போட்டார்கள், யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டுக்காரி பிரிண்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "புள்ளைக்குச் சொல்லியாச்சா? நடுக்கடல்ல இருப்பான், பாவம். எப்படி வருவான்?" என்று அவள் கேட்க, கப்பல் கம்பெனிக்காரர்கள் ஹெலிகாப்டரில் கொண்டுவந்து விடுவார்கள் என்று அவள் புருஷன் சொன்னான். அப்படியெல்லாம் விடமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அது ஒரு விவாதமாகவே நடந்தது.

பவர் மொட்டைமாடிக்குப் போய்ச் சிறை அலுவலகத்துக்குப் பேசினாள். ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் இருந்த நலன் அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"சொல்லிடறேன்மா. இன்னைக்கு அவருக்கு ஒரு கால் குடுப்போம். நீங்க ஃபோன் பக்கத்துலயே இருங்க. ஒரு தடவைதான் அடிக்க விடுவாங்க, எடுக்காம விட்டுடாதீங்க."

"சார், அவன்கிட்ட... அம்மா போட்டோ எடுக்க சம்மதிச்சாங்கன்னு..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்."

கீழே இறங்கி வந்தபோது ஸ்டூடியோக்காரம்மா நின்றிருந்தாள். மூக்கில் இருந்த கண்ணாடி பவர் அறுத்துக் கொடுத்ததுதான். "அம்மா படம் இருந்தா குடு தங்கச்சி. பெருசு பண்ணிக் கொண்டாறேன். வர்றவங்க பாக்க ஒண்ணு வேணும்ல" என்றாள். பவருக்கு மறுக்கத் தெம்பில்லை. கேமராவிலிருந்து கார்டை உருவிக் கொடுத்தாள். எந்தப் படத்துக்காகக் கோடை முழுக்க ஒளிந்தாளோ, அது படியிறங்கித் தெருவைக் கடந்து போயிற்று.

டீ ஆறுவதற்குள் அந்த அம்மாள் திரும்பி வந்துவிட்டாள். பெரிய படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி இல்லாத அம்மா, யாரையோ நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தது?"

"நான்தான்."

"கண்ணு பேசுது" என்றாள் ஸ்டூடியோக்காரம்மா. பிறகு பவரின் கையைப் பிடித்து, ஒரு சின்ன உறையை அதில் வைத்து, விரல்களை மூடினாள். குரலைத் தாழ்த்தினாள். "தம்பிக்கும் ஒண்ணு சேத்து அடிச்சேன். சின்னதா, சாதாத் தாள்ல. அங்க பெருசு உள்ள விட மாட்டாங்க."

பவர் அவளைப் பார்த்தாள். ப்ளஸ் மூன்றுக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்த அந்தக் கண்களில் கேள்வி எதுவும் இல்லை. எப்போதிலிருந்து தெரியும், இன்னும் யார் யாருக்குத் தெரியும், ஹெலிகாப்டர் பேசியவர்களுக்குத் தெரியுமா, எதையும் கேட்க வரவில்லை. உறையைத் திறந்து மூலையை வளைத்துப் பார்த்தாள். நகத்தால் நெம்பினாள். ஏடு எழவில்லை. ஒரே தாள். வாசலில் அந்தப் பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே விட்டிருப்பாள். அன்றைக்கே ரோட்டைக் கடந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

ஃபோன் அடித்தது.

அது பிரிண்டர் பெட்டியின் மேல், டீ டம்ளர்களுக்கு நடுவில் இருந்தது. திரையில் எண் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "கப்பல்லேர்ந்துதான்! எடும்மா, எடு" என்று ஃபோனைத் தூக்கி நீட்டினாள். எல்லோரும் திரும்பினார்கள். பவர் குளியலறையைப் பார்த்தாள். உள்ளே யாரோ இருந்தார்கள், தாழ்ப்பாள் போட்டிருந்தது. படிக்கட்டில் ஆட்கள். மாடிக்குப் போவதற்குள் நின்றுவிடும்.

எடுத்தால் முதலில் அந்தப் பதிவுக் குரல் ஸ்பீக்கரில் வரும், நிதானமாக, அறை முழுக்க. அதுகூட வரட்டும். இனி மூழ்குவதற்கு அந்தக் கப்பலில் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு அவன் வருவான். செய்தி அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான், அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லைதானே என்று. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள், வெளிச்சம் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டாள், உனக்காகக் கண்ணாடியைக் கழற்றினாள் என்று மறுபடியும் சொல்லலாம். ஏற்கெனவே ஒரு தடவை சொன்னாள். இப்போது, அம்மா செத்த பிறகு, கையில் படத்தோடு சொன்னால், இத்தனை நாளும் இல்லாத படம் இன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்பான். செத்த பிறகு எடுத்தியா என்று கேட்பான்.

"நின்னுடப் போகுது, எடு தங்கச்சி" என்றாள் ஸ்டூடியோக்காரம்மா.

பவர் ஒரு கையில் படத்தைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை நீட்டி ஃபோனை வாங்கினாள். அது உள்ளங்கையில் அதிர்ந்தது. சுவரில் சாய்ந்திருந்த அம்மா, மங்கலாகத் தெரிந்த ஏதோ கறுப்பைப் பார்ப்பது போல அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.